மானுக்கு எந்தத் தோட்டா, கரடிக்கு எந்தத் தோட்டா?

(சுங்கை பட்டாணியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு துப்பாக்கி. வாசகர் கூட்டத்தில் துப்பாக்கியா என்று முன்வரிசையில் இரண்டு அம்மாமார்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பயப்படாதீர்கள் அம்மா, நான் எதையும் கொண்டு வரவில்லை. இளைஞர்கள் கேட்டார்கள். "ஐயா, அமெரிக்காக்காரன் மான் வேட்டைக்கும் கரடி வேட்டைக்கும் பம்ப் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருக்கிறான். வகைவகையாகத் தோட்டா வைத்திருக்கிறான். நம் கெடா காட்டிலும் மான் உண்டு, கரடி உண்டு. நம் ஆட்கள் என்ன வைத்திருந்தார்கள்?" நல்ல கேள்வி. கேட்டவர்களை வீட்டில் திட்டாதீர்கள்.

துப்பாக்கி என்றதும் எல்லாரும் இரும்பைப் பற்றிப் பேசுவார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு, என்ன விலை. நான் இன்றைக்குத் தூரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். குழலுக்கும் விலங்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? குறி தவறினால் அந்தக் குண்டு இன்னும் எவ்வளவு தூரம் போகும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாதவன் கையில் எவ்வளவு உயர்ந்த துப்பாக்கி இருந்தாலும் அவன் வேட்டைக்காரன் ஆகமாட்டான்.

முதலில் அமெரிக்காவுக்குப் போய்வந்துவிடுவோம்.

பம்ப் ஆக்‌ஷன் என்றால் என்ன? குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் கட்டை ஒன்று உண்டு. சுட்டதும் அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்க வேண்டியதில்லை, கண்ணைக் குறியிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. கிறிஸ்டோபர் ஸ்பென்சர் என்பவர் 1882-இல் இந்த முறையில் ஷாட்கன் செய்து விற்றார். பிறகு ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 வந்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்குள் அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்திருந்தது அதைத்தான். நம் ஊர் வங்கி வாசலில் காவலர் தோளில் நீங்கள் பார்த்திருக்கும் பம்ப் கன் இந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளை.

ஆனால் இவையெல்லாம் ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன். ஒற்றைக் குண்டைச் சுழற்றி அனுப்பும் ரைஃபிளை பம்ப் முறையில் செய்வதில் ஒரு சிக்கல் இருந்தது. கவனமாகக் கேளுங்கள், தொழிலின் நுட்பம் இதில்தான் இருக்கிறது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள இன்னொரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் அடிப்பக்கத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அந்த அடிப்பக்கத்தின் நடுவில்தான் தீப்பொறி கிளப்பும் மூடி இருக்கிறது. மூக்கு கூராக இருந்தால் என்ன ஆகும்? துப்பாக்கி ஒரு குலுக்கு குலுங்கினால் போதும், குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் மொட்டை மூக்குத் தோட்டாவைத்தான் போட வேண்டும். மொட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ரெமிங்டன் கம்பெனிக்காக ஜான் பெடர்சன் வடிவமைத்து 1912-இல் வந்த 14-ஆம் மாடலில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். குழாயைத் திருகு வளைவாக முறுக்கிவிட்டார்கள். தோட்டாக்கள் சற்றே சாய்ந்து படுக்கும், மூக்கு மூடியின்மேல் படாது. 1952-இல் வந்த 760-ஆம் மாடலில் குழாயையே எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டும் பெட்டி வைத்தார்கள். அதன்பிறகு அமெரிக்க ராணுவம் 1906-இல் ஏற்றுக்கொண்ட .30-06 போன்ற பெரிய கூர்மூக்குத் தோட்டாவையும் பம்ப் ரைஃபிளில் போட முடிந்தது.

மானுக்கு .30-06-இல் 150 கிரெய்ன் குண்டு, கரடிக்கு அதிலேயே 180 கிரெய்ன், அடர்ந்த புதரென்றால் .35 ரெமிங்டனில் 200 கிரெய்ன் மொட்டை மூக்கு என்று அங்கே மேசை போட்டு வாதம் செய்வார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் தானாக மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளைப் பெரிய விலங்கு வேட்டைக்கு அனுமதிக்கவில்லை. அதனால் வேகமாகச் சுட விரும்பியவர்கள் பம்ப் ரைஃபிளை வாங்கினார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்ததில் காட்டுக்குப் பாதி பங்கு, சட்டத்துக்குப் பாதி பங்கு.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

கெடா தோட்டத்துக்கு இந்த ரைஃபிள் ஏன் வரவில்லை? பணமில்லையா? துரைமார்களிடம் பணத்துக்கா குறைச்சல்! காரணம் நிலம். ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டுக்குள் நின்று பாருங்கள். நிரை நிரையாக மரம். வரிசைக்கு நேராகப் பார்த்தால் நூறு மீட்டர் தெரியும், ஓர் அடி தள்ளி நின்றால் முப்பது மீட்டர்கூடத் தெரியாது. தோட்டம் முடிந்து பெலுக்கார் என்ற புதர்க்காடு தொடங்கும் இடத்தில் இருபது மீட்டரில் யானை நின்றாலும் கண்ணுக்குப் படாது. இருநூறு மீட்டரில் அடிப்பதற்குச் செய்த துப்பாக்கிக்கு அங்கே என்ன வேலை?

இரண்டாவது தூரத்தையும் எண்ணிப் பாருங்கள். .30-06-இன் 180 கிரெய்ன் குண்டு எடையில் 12 கிராமுக்கும் குறைவு. குழலை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தடையில்லாமல் போனால் கிலோமீட்டர் கணக்கில் தாண்டிப் போய் விழும். நம் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் குறி தவறியது அங்கேயே நிற்குமா? லயம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆயாக் கொட்டகை இருக்கிறது, மாரியம்மன் கோயில் இருக்கிறது, விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். ஆள் நிறைந்த இடத்தில் ரைஃபிள் வேட்டைத் துப்பாக்கியாக இருக்க முடியாது. அதனால்தான் நம் பக்கத்தில் வேட்டை என்றால் 12 போர் ஷாட்கன். ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல், நடுவில் மடிந்து திறப்பது. மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்பார்கள்.

இங்கேதான் தோட்டா விஷயம் சூடுபிடிக்கிறது. ரைஃபிள்காரனுக்கு ஒரே குண்டு. ஷாட்கன்காரனுக்கோ ஒரே துப்பாக்கியில் பத்து வகை ரவை. கடையில் போய் "தோட்டா கொடு" என்று கேட்க முடியாது. எந்த நம்பர் என்று கேட்பார்கள்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். தோட்டாவுக்குள் ஈயத்தின் மொத்த எடை அநேகமாக ஒன்றுதான், 32 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அளவுப்படி ஆறாம் நம்பரில் அந்த எடைக்கு ஏறத்தாழ 300 ரவை. புறாவுக்கும் காட்டுக்கோழிக்கும் அது. நாலாம் நம்பரில் 190 சொச்சம். ஏ.ஏ.ஏ. என்றால் 40 அளவில். எஸ்.ஜி. என்றால் ஒன்பதே ஒன்பது. எல்.ஜி. இன்னும் பெரிது, ஆறு ஏழுதான் இருக்கும். அதற்கும் மேலே ஒற்றைக் குண்டு. ஈயம் அதே ஈயம். பலவாகப் பிரித்தால் படுவது நிச்சயம், ஆனால் இறங்காது. சிலவாகப் பிரித்தால் இறங்கும், ஆனால் படுவது நிச்சயமில்லை. ஷாட்கன் தோட்டாவின் சாத்திரம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் ஒரு மிளாவுக்கு எது? மலாயில் ரூசா என்கிறோமே, அந்தக் கடமான். ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும். அதன்மேல் நாலாம் நம்பரை விட்டவனை நான் வேட்டைக்காரன் என்று சொல்லமாட்டேன். 190 ரவையும் தோலுக்கு அடியில் தங்கும். மிளா ஓடிவிடும். ஓடிப்போய் எங்கேயோ தண்ணீர்க் கரையில் படுத்துப் புண் புழுத்துப் பல நாள் கிடந்து சாகும். சுட்டவன் வீட்டுக்குப் போய் "தப்பிவிட்டது" என்பான். தப்பவில்லை ஐயா!

எஸ்.ஜி. போட்டால் சரியாகிவிடுமா? தூரத்தைக் கேளுங்கள். சாதாரணக் குழலிலிருந்து கிளம்பும் ரவை, மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்ற கணக்கில் விரிந்துகொண்டே போகும். இருபது மீட்டரில் ஒன்பது ரவையும் அரை மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சுக்கூட்டில், நாலைந்து இறங்கும். நாற்பது மீட்டரில் அந்த வட்டம் ஒரு மீட்டர். நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று, மற்றதெல்லாம் காற்றில். வயிற்றில் ஒன்று பட்ட மான் முதலில் சொன்ன மானைவிடப் பாவம். ஆகவே எஸ்.ஜி.யின் எல்லை இருபத்தைந்து, மிஞ்சினால் முப்பது மீட்டர். அதற்கு மேல் நின்றால் விரலை எடுத்துவிட வேண்டும். அந்த முப்பது மீட்டரைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவர்தான் பழைய காலத்தில் பேர் சொல்லும் வேட்டைக்காரர். பால்மர நிரையில் மரத்துக்கு மரம் இடைவெளி தெரியுமாதலால் மரத்தை எண்ணியே தூரத்தைச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காக்காரனுக்கு அதற்கு ஒரு கருவி வேண்டும்.

இவ்வளவு சொல்கிறேனே, இந்தத் துப்பாக்கி யார் கையில் இருந்தது? நம் கையிலா?

இல்லை. பெரிய துரை பங்களாவில் இருந்தது. சின்ன துரையிடம் இருந்தது. சில இடங்களில் கிராணி வீட்டுச் சுவரில் தொங்கியது. லயத்து மனிதர் கையில் இருந்தது தகரமும் தடியும். இளங்கன்றுத் தோட்டத்தில் பன்றி புகுந்து வேரைத் தோண்டினால் ஞாயிற்றுக்கிழமை விரட்டு வேட்டை. தகரத்தைத் தட்டிக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு பன்றியைக் குழலுக்கு நேரே ஓட்டிக் கொண்டுபோவது நம் ஆட்கள். சுடுவது துரை. கறியில் பங்கு லயத்துக்கும் வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் ரவை விரியும் பக்கத்தில் நடந்தவர் யார் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்?

வேறொரு வகையிலும் நாம் துப்பாக்கியின் எதிர்ப்பக்கத்தில் நின்றிருக்கிறோம். 1947-இல் இதே வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்ற காலத்தில், டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். வேட்டையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். கெடா தோட்டத்தில் துப்பாக்கி என்ற பேச்சை எடுத்துவிட்டு இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டே, 1948 ஜூனில், பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் சுடப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது. அதுவரை பன்றிக்கும் மானுக்கும் இருந்த துப்பாக்கி ஒரே இரவில் வேறு பொருளாகிவிட்டது. உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்று விதி வந்தது. தோட்டங்களில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் .303 ரைஃபிளோடு காவல் நின்றார்கள். ராணுவமோ, காட்டுச் சண்டை நடப்பது பத்து இருபது மீட்டரில்தான் என்று கண்டுகொண்டு, பிரவுனிங் ஆட்டோ-5 போன்ற ஷாட்கன்களை முன்னே நடப்பவர் கையில் கொடுத்தது. வேட்டைக்காரர் கண்ட அதே கணக்கைச் சண்டைக்காரரும் கண்டார்கள். 1955 டிசம்பரில் நம் பாலிங் பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரஹ்மானும் டேவிட் மார்ஷலும் டான் செங் லாக்கும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கோடு உட்கார்ந்து பேசியபோது, முக்கியமான பேச்சே ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வெளியே வருவது பற்றித்தான். பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960 ஜூலையில் முடிந்தது. ஆயுதச் சட்டமும் 1960-இல்தான் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ்தான் இன்றுவரை போலீசிடம் உரிமம் எடுக்கிறோம். துப்பாக்கிக்கு உரிமம், தோட்டாவுக்கும் கணக்கு. 1971-இல் வந்த துப்பாக்கிக் குற்றச் சட்டம் இன்னும் கடுமை. தனியார் ஒருவருக்கு வேட்டைக்கென்று ரைஃபிள் உரிமம் கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். இளைஞர்களே, பம்ப் ரைஃபிள் ஏன் இங்கே இல்லை என்பதற்கு மீதிப் பதில் இது.

துப்பாக்கிக்கு உரிமம் இருந்தால் போதுமா? போதாது! விலங்குக்குத் தனி உரிமம் வேண்டும். அது வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் கொடுப்பது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மிளாவுக்கும் கிஜாங் என்ற கேளையாட்டுக்கும் பருவம் திறந்து உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2009 முதல் தீபகற்பத்தில் அந்த உரிமத்தை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள்? மிளா குறைந்துவிட்டது. மிளா குறைந்தால் புலிக்குச் சோறு இல்லை. நம் நாட்டுக் காட்டில் இன்று 150 புலிகூட இல்லை என்று அண்மைக் கணக்கெடுப்பு சொல்கிறது. பன்றி இருக்கிறதே என்பீர்கள். 2021-இன் கடைசியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தீபகற்பத்துக்குள் வந்தது. வளர்ப்புப் பன்றி மட்டுமா செத்தது? காட்டுப் பன்றியும் செத்தது.

இப்போது கரடிக்கு வருகிறேன். கேட்டீர்களே, கரடிக்கு எந்தத் தோட்டா என்று.

அமெரிக்கக் கறுப்புக் கரடி 200 கிலோவைத் தாண்டிப் போகும். நம் தேன்கரடி உலகத்துக் கரடிகளிலேயே சிறியது. 65 கிலோ இருந்தால் அது நல்ல உருப்படி. மூட்டை தூக்கிய ஆள் அதைவிடக் கனம் தூக்கியிருப்பார். நெஞ்சில் மஞ்சள் பிறை. இருபது சென்டிமீட்டருக்கு மேல் நீளும் நாக்கு, மரப்பொந்துத் தேனை நக்குவதற்கு. கொசுத்தேனீக் கூட்டுக்காக மரத்தையே பிய்த்தெடுக்கும் நகம். அந்த நகத்துக்காகப் பயப்பட வேண்டியதுதான். இருட்டில் குட்டியோடு இருக்கும்போது எதிர்ப்பட்டால் தாக்கும். ஆனால் அதைச் சுடுவதற்கு எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு, 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு பதில்தான்: எதுவும் கிடையாது. தேன்கரடி முழுப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது, பித்தப்பையை வைத்திருக்கவும் கூடாது. 2022-இல் திருத்தம் கொண்டுவந்து தண்டனையை மேலும் கூட்டினார்கள்.

பித்தப்பை என்றேன் அல்லவா? கரடியைக் கொல்பவன் பெரும்பாலும் பயத்தில் கொல்வதில்லை, அந்தப் பைக்காகக் கொல்கிறான். மருந்து என்று நம்பி வாங்குபவர் இருக்கும்வரை விற்பவரும் இருப்பார். அந்தப் பித்தத்தில் வேலை செய்யும் சரக்கை இன்று ஆய்வுக்கூடத்தில் செய்கிறார்கள், மருந்துக்கடையில் மாத்திரையாகக் கிடைக்கிறது. கரடி எதற்கு? பினாங்கிலிருந்து போன வோங் சியூ தே என்ற ஆய்வாளர் 2008-இல் சபாவின் செப்பிலோக்கில் தேன்கரடிகளுக்கென்று ஒரு காப்பகமே தொடங்கினார். கூண்டில் வளர்ந்த குட்டிகளுக்கு மரமேறப் பழக்கிக் காட்டுக்குத் திருப்பி அனுப்புவது அங்கே வேலை.

வேட்டைக்காரர்தானே காட்டு விலங்குக்கெல்லாம் எதிரி என்று நினைக்க வேண்டாம். தியடோர் ஹப்பேக் என்று ஒருவர் இருந்தார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் சகோதரர். யானையும் செலாடாங் காட்டெருமையும் வேட்டையாடி 1905-இல் புத்தகமே போட்டவர். அதே மனிதர் பிற்காலத்தில் வனவிலங்கு ஆணையத்தின் சார்பில் 1932-இல் பெரிய அறிக்கை எழுதினார், பகாங்கில் பூங்கா வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். இன்றைய தாமான் நெகாரா அவர் பிடித்த பிடிவாதத்தில் பிறந்தது. அவர் கண்ட எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பயிர் நாசமாகிறது என்ற தோட்டக்காரர்களிடமிருந்து.

நம் கெடாவுக்கும் அப்படி ஒரு காடு இருக்கிறது, உலு மூடா. மூடா, பெடு, ஆனிங் என்ற மூன்று அணைக்கும் தண்ணீர் தருவது அது. கெடா வயலில் நெல் விளைவதும் பினாங்கில் குழாய் திறப்பதும் அதை நம்பி. அங்கே சீரா என்கிற உப்பூற்றுகள் உண்டு. மிளாவும் யானையும் உப்பை நக்க இரவில் அங்கே வரும். வரும் என்று தெரிந்து பதுங்கிச் சுடுவது எந்தக் காலத்திலும் வேட்டை தர்மம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன், அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்றைக்குக் கெடா காட்டோரத்தில் மானையும் கரடியையும் அழிப்பதில் துப்பாக்கிக்கு முதலிடம் இல்லை. முதலிடம் கம்பிக் கண்ணிக்கு. மலாயில் ஜெராட். உரிமம் வேண்டாம், சத்தம் வராது, விலை மலிவு. வைத்தவன் வீட்டில் தூங்குவான். கண்ணிக்குத் தூரமும் தெரியாது, ஆளும் தெரியாது. பன்றிக்கென்று வைத்ததில் மிளா விழும், கரடி விழும், புலி விழும். பிய்த்துக்கொண்டு ஓடினால் பாதம் போகும். செம்பனைத் தோட்டத்தில் எல்லையோரம் வேலை செய்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். கம்பி தரையோடு வளையமாகக் கிடக்கும், வளைத்துக் கட்டிய இளமரம் ஒன்று பக்கத்தில் இருக்கும். பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள். விலங்கு மாட்டி உயிரோடு இருந்தால் கிட்டே போகாதீர்கள், கரடியானால் நிச்சயமாகப் போகாதீர்கள். கம்பி எப்போது அறும் என்று உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.